பதினேழாம் எண்

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எது முன், எது பின் என்று முடிவு செய்ய அந்தச் சபைக்கு ஒன்பது வெள்ளிக்கிழமைகள் தேவைப்பட்டன. உலகத்தைப் படைக்கவே ஆறு நாள்தானே ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஸ்டூவர்ட் அய்யாக்கண்ணு, "கமிட்டி வைக்காம அவசரத்துல செஞ்சது. அப்புறம் என்ன ஆச்சுன்னு ஆதியாகமம் மூணாம் அதிகாரத்துல பாருங்க" என்றிருப்பார்.

செகந்திராபாத்தில் லாலாகுடா போகிற ரோட்டில் இருந்த தமிழ் மெதடிஸ்ட் சபை அது. மதராஸ் பக்கத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்து, திரும்பிப் போக மறந்துவிட்டவர்களின் சபை. ஃபிட்டர், ஃபயர்மேன், கார்டு, குமாஸ்தா, அவர்கள் குடும்பங்கள். 1934ஆம் வருஷம் அதற்கு ஐம்பது வயது நிறைந்தது. பொன்விழா ஆராதனையை நவம்பர் பதினெட்டாம் தேதி வைப்பது என்று முடிவாயிற்று. தேதிக்கு மட்டும் கமிட்டி இல்லை. அது வெள்ளைக்கார மிஷன் சூப்பரின்டெண்டென்ட் துரைக்கு வசதிப்பட்ட நாள்.

தேவசகாயத்துக்கு அந்தத் தேதி வேறு வகையில் தெரியும். சென்ற வருஷம் அதே தேதியில்தான் கனகவல்லி இறந்தாள். டைபாய்டு. பதினோரு நாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது, அவனுக்கு இருபத்தேழு. கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் அவன் "ஆமாம்" என்பான். அதற்கு மேல் பேச்சு நகராது.

அவன் மதராஸில் பி.ஏ. படித்தவன். ரயில்வே ஆபீஸில் டைம்டேபிள் பிரிவில் குமாஸ்தா. எந்த வண்டி எந்த ஸ்டேஷனில் எத்தனை நிமிஷம் நிற்கவேண்டும் என்று எழுதுவது அவன் வேலை. செப்டம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றில் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது அய்யாக்கண்ணு அவன் தோளில் கை வைத்தார். அவர் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். சபையின் மூத்த ஸ்டூவர்ட். அதாவது, போதகர் பிரசங்கம் செய்வார், மற்றதையெல்லாம் இவர் செய்வார்.

"தம்பி, பொன்விழா ஆராதனைக்கு முறைமைக் கமிட்டி போட்டிருக்கோம். நீங்கதான் செக்ரெட்டரி."

"என்னை விட்டுருங்க ஐயா."

"எப்படி விடறது? நீங்க பி.ஏ. டைம்டேபிள் தெரிஞ்சவர். வீட்டுலயும் உங்களுக்குன்னு ஆளில்லை, வெள்ளிக்கிழமை சாயங்காலம் சும்மாதான் இருப்பீங்க. கர்த்தர் இத்தனை வசதியையும் ஒரே ஆள்கிட்ட சேர்த்து வெச்சிருக்கார். வேண்டாம்னு சொல்லலாமா?"

தேவசகாயம் வேண்டாம் என்று சொல்வதற்குத்தான் வாயைத் திறந்தான். அப்போது தேதி நினைவுக்கு வந்தது. பாட்டும் நினைவுக்கு வந்தது. சரி என்றான்.

அந்தப் பாட்டு கனகவல்லியின் அப்பா எழுதியது. மன்னார்குடிப் பக்கம் உபதேசியாராக இருந்தவர். ஒருத்தி விளக்கேற்றி வைத்துக்கொண்டு வாசலில் காத்திருப்பதாக மூன்று சரணம். புத்தகத்தில் ஏறாத பாட்டு. அவள் வீட்டில் அரிசி களையும்போது பாடுவாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குச் சீக்கிரம் வந்து பெண்கள் பக்கம் மூன்றாம் பெஞ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஜனங்கள் சேரும்வரை மெல்லப் பாடுவாள். பக்கத்தில் வந்து உட்காருகிறவர்கள் சேர்ந்துகொள்வார்கள். அவள் போன பிறகு ஜனங்கள் சேரும்வரை விசிறிச் சத்தம் மட்டும்தான்.

அவனுக்குப் பாட வராது. அந்த நாளில் அந்தக் கோயிலில் அந்தப் பாட்டை ஒருமுறை நாலு பேர் பாடவேண்டும். கமிட்டியில் அவன் சேர்ந்தது அதற்காகத்தான். வேறெதற்கும் இல்லை.

முதல் வெள்ளிக்கிழமை கோயிலின் பின்னறையில் ஐந்து பேர் கூடினார்கள். அய்யாக்கண்ணு, போதகர் சின்னசாமி, பாடற்குழுவை நடத்தும் ஜேம்ஸ் மாஸ்டர், மாதர் சங்கத் தலைவி செல்லம்மா, தேவசகாயம். கூட்டத்தை ஜெபத்தோடு தொடங்கவேண்டும். யார் ஜெபிப்பது என்பதைக் கூட்டம் முடிவு செய்யவேண்டும். ஜெபம் ஆகாமல் கூட்டம் தொடங்கியதாகாது. தொடங்காத கூட்டம் முடிவு எடுக்க முடியாது. இதைப் போதகர் எடுத்துச் சொன்னார். அரை மணி நேரம் போயிற்று. கடைசியில் அவரவர் மனதுக்குள் ஜெபித்துவிட்டு, எல்லாரும் ஜெபித்தார்கள் என்று ஒருவர் முன்மொழிய இன்னொருவர் வழிமொழிந்தார்.

பிறகு அய்யாக்கண்ணு தம் பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதம் எடுத்தார். அவரே கோடு போட்டுத் தயாரித்த பாரங்கள். எண், நிகழ்ச்சி, திட்டமிட்ட புறப்பாடு, உண்மைப் புறப்பாடு, தாமதம், தாமதத்துக்குக் காரணம். கீழே கையெழுத்து.

"நம்ம தேவன் ஒழுங்கின் தேவன்" என்றார். "முப்பத்திநாலு வருஷம் ஸ்டேஷன்ல உக்காந்திருக்கேன். ஒத்தைத் தண்டவாளம். அடுத்த ஸ்டேஷன்காரன் லைன் கிளியர் கொடுக்காம ஒரு வண்டியை நான் நகர விட்டதில்லை. கவர்னர் வந்த ஸ்பெஷலையும் நிறுத்தியிருக்கேன். ஆராதனையும் அப்படித்தான். ஒரு எண் முடியாம அடுத்த எண் புறப்படக்கூடாது. அவனவன் ஆவி வந்துச்சுன்னு எந்திரிச்சுப் பாட ஆரம்பிச்சா அதுக்குப் பேர் ஆராதனை இல்லை, ஆக்ஸிடென்ட்."

இது ஏகமனதாக ஏற்கப்பட்டது. அன்று ஏகமனதாக ஏற்கப்பட்டது இது ஒன்றுதான்.

அடுத்த வாரங்களில் தேவசகாயம் ஒன்றைக் கண்டுகொண்டான். அந்தக் கமிட்டியில் எந்தச் சண்டையும் சமாதானமாக முடிவதில்லை. ஓர் எண்ணாக முடியும்.

சக்கரவர்த்திக்கு முதலில் ஜெபிப்பதா, நிஜாமுக்கு முதலில் ஜெபிப்பதா என்று ஒரு வெள்ளி முழுதும் போயிற்று.

"கோயில் நிக்கிறது பிரிட்டிஷ் கன்டோன்மென்ட் மண்ணுல. சக்கரவர்த்திதான் முதல்ல" என்றார் அய்யாக்கண்ணு.

"மண்ணு யாரோடதோ, சம்பளம் நிஜாம் ரயில்வேலேர்ந்து வருது" என்றார் ஜேம்ஸ் மாஸ்டர்.

"யாரை முதல்ல சொல்றோம்னு ஆண்டவர் பாத்துக்கிட்டா இருக்கார்?" என்றாள் செல்லம்மா.

"ஆண்டவர் பாக்க மாட்டார். ரெசிடென்ஸி குமாஸ்தா பாப்பான்."

சக்கரவர்த்திக்கான ஜெபம் எண் 7 என்றும், நிஜாமுக்கான ஜெபம் எண் 9 என்றும், நடுவே எண் 8 ஒரு கீர்த்தனை என்றும் தீர்ந்தது. சபையார் எழுந்து பாடி உட்காருவதற்குள் யாருக்கு முதலில் ஜெபித்தோம் என்பது மறந்துபோகும் என்று போதகர் கருதினார்.

போதகரின் பிரசங்கம் எத்தனை நிமிஷம் என்று இன்னொரு வெள்ளி.

"ஆவியானவர் ஏவுகிறபடி" என்றார் போதகர்.

"போன ஈஸ்டருக்கு ஆவியானவர் அம்பத்தி மூணு நிமிஷம் ஏவினார்" என்று அய்யாக்கண்ணு பாக்கெட் கடிகாரத்தைப் பார்த்தார், ஈஸ்டர் இன்னும் அதற்குள் ஓடிக்கொண்டிருப்பது போல.

"ஸ்டூவர்ட் ஐயா, நான் மணியைப் பார்த்துப் பேசுகிறவன் அல்ல. ஜனங்கள் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவன்."

"அவங்க தூங்கறாங்க ஐயா. முகத்துல என்ன தெரியும்?" என்றாள் செல்லம்மா.

பிரசங்கம் இரண்டாகப் பிளக்கப்பட்டது. எண் 24 முற்பகுதி, எண் 26 பிற்பகுதி. நடுவே எண் 25 காணிக்கை. பணம் எடுக்க ஜனங்கள் எப்படியும் விழித்துக்கொள்வார்கள்.

ஜேம்ஸ் மாஸ்டர் நாலு குரலில் ஓர் இங்கிலீஷ் பாட்டு வேண்டும் என்றார். துரை வருகிறார் அல்லவா. நாலாவது குரலுக்கு உரியவன் அந்த மாதம் காஜிப்பேட்டைக்கு மாற்றலாகிவிட்டான். மூன்று குரலில் பாடுவது என்றும், நாலாவது குரல் இருப்பதாகக் கருதப்படும் என்றும் தீர்மானம் ஆயிற்று. எண் 14. மாதர் சங்கத்துப் பாட்டு எண் 16. வயதான அம்மாக்களுக்கு முழங்கால் வலி, அவர்கள் உட்கார்ந்தே பாடுவார்கள் என்று அடிக்குறிப்பு. அடிக்குறிப்புக்கு எண் வேண்டாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தார்கள்.

தேவசகாயம் எல்லாவற்றையும் எழுதினான். அவன் கையெழுத்து நன்றாக இருக்கும். ஒவ்வொரு வாரமும் காத்திருந்தான். ஐந்தாம் வெள்ளியன்று, எண் 17க்கு வந்தபோது, பேனாவைக் கீழே வைத்தான்.

"பதினேழுல ஒரு பாட்டு வைக்கலாம். சின்னப் பாட்டு. நாலு நிமிஷம். கனகவல்லி பாடுவா, அது."

செல்லம்மா சேலைத் தலைப்பைச் சரி செய்தாள். "விளக்குப் பாட்டுதானே தம்பி? நல்லாத் தெரியும். எனக்கு மாரு வலி வந்தப்ப ஒரு வாரம் அந்தப் பிள்ளைதான் கஞ்சி கொண்டுவந்து கொடுத்துச்சு. நான் முன்மொழியறேன்."

ஜேம்ஸ் மாஸ்டர் வழிமொழிந்தார். எண் 17 ஏற்கப்பட்டது. தேவசகாயத்துக்கு ஒரு விநாடி நம்பிக்கை வந்தது. அது தப்பு.

"என்ன நம்பர்?" என்றார் ஜேம்ஸ் மாஸ்டர்.

"பதினேழு."

"அது நிகழ்ச்சி நம்பர். பாட்டு நம்பர் கேக்கறேன். புத்தகத்துல."

"புத்தகத்துல இல்லை மாஸ்டர்."

ஜேம்ஸ் மாஸ்டர் நாற்காலியில் சாய்ந்தார். கோயிலில் பாடற்குழுவின் தலைக்கு மேல் ஒரு மரப் பலகை மாட்டியிருந்தது. அன்றைய பாட்டு எண்களை அதில் செருகிவைப்பது வழக்கம். சபையார் பலகையைப் பார்ப்பார்கள், புத்தகத்தைத் திறப்பார்கள், எழுந்து நிற்பார்கள். ஐம்பது வருஷமாக அப்படித்தான்.

"பலகையில என்னத்த மாட்டறது? வெறும் பலகையப் பாத்து ஜனங்க எப்படி எந்திரிப்பாங்க? நீங்களே சொல்லுங்க. நம்பர் இல்லாத வண்டியில ஏறுவீங்களா?"

"பேப்பர்ல பாட்டையே அச்சடிச்சிடலாம்" என்றான் தேவசகாயம்.

"அச்சடித்தால் அது சபையின் உபதேசமாகிவிடும்" என்றார் போதகர். "உபதேசத்தைப் பரிசோதிக்கவேண்டும். எழுதிக் கொடுங்கள்."

எழுதிக் கொடுத்தான். அடுத்த வெள்ளிக்குள் போதகர் அதைப் பரிசோதித்துவிட்டு வந்தார். முதல் சரணத்தில் குற்றமில்லை. மூன்றாம் சரணத்திலும் இல்லை. இரண்டாம் சரணத்தில் ஓரிடத்தில் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார். உரக்கப் படித்தார்.

"'நேரமானாலும் நீர் வருவீர், என் திரி குறைந்தாலும் நானிருப்பேன்.' இதில் 'நேரமானாலும்' என்றால் என்ன அர்த்தம்? கர்த்தர் தாமதிப்பாரா?"

அவர் அன்று இருபது நிமிஷம் தாமதமாக வந்திருந்தார். ஜேம்ஸ் மாஸ்டர் முப்பது நிமிஷம்.

"லேட்னு எழுதினா காரணம் எழுதணும்" என்றார் அய்யாக்கண்ணு. "அது விதி. ஆண்டவர் லேட்டுன்னு சபை பேப்பர்ல அச்சடிச்சா, என்ன காரணம்னு துரை கேப்பார். நான் என்னத்தச் சொல்ல?"

"'நேரத்துக்கே நீர் வருவீர்' என்று திருத்தலாம்" என்றார் போதகர்.

செல்லம்மா யோசித்தாள். "நேரத்துக்கே வந்துட்டா திரி எதுக்குக் குறையுது?"

இது நியாயமான கேள்வி என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். அரை மணி நேரம் திரியைப் பற்றிப் பேசினார்கள். திரியை நீளமாகப் போட்டிருக்கலாம் என்றார் ஜேம்ஸ் மாஸ்டர். எண்ணெய் குறைவாக ஊற்றியிருப்பாள் என்றார் அய்யாக்கண்ணு. சிம்னி விளக்கா, அகல் விளக்கா என்று பாட்டில் தெளிவாக இல்லை.

"எண்ணெய் போதாமல் விளக்கேற்றி வைத்துக் காத்திருக்கிறாள்" என்றார் போதகர். உவமை கிடைத்துவிட்ட சந்தோஷம் அவர் குரலில் இருந்தது. "அப்படியானால் இவள் புத்தியில்லாத கன்னிகைகளில் சேருவாள். அவளுக்குக் கதவு திறக்கப்படவில்லை என்று வேதம் சொல்லுகிறது. பொன்விழாவில் இதைப் பாடலாமா?"

தேவசகாயம் எழுதிக்கொண்டிருந்தான். "புத்தியில்லாத" என்பதுவரை எழுதிவிட்டு நிறுத்தினான். அந்த ஒரு சொல்லைக் கோடிட்டு அடித்தான்.

"பாட்டை நான் எடுத்துக்கறேன்" என்றான். காகிதத்தைப் போதகர் கையிலிருந்து வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

செல்லம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "போதகர் ஐயா அந்தப் பிள்ளையச் சொல்லலை தம்பி. பாட்டுல வர்றவளத்தான்..."

"தெரியும்மா."

பிறகு அய்யாக்கண்ணு தொண்டையைச் சரி செய்துகொண்டு நடைமுறைக்கு வந்தார்.

"தம்பி பாட்டை வாபஸ் வாங்கினது சரி. ஆனா பதினேழை வாங்க முடியாது. பாட்டு உங்களோடது. எண் சபையோடது. அது முன்மொழிஞ்சு, வழிமொழிஞ்சு, ஏத்துக்கிட்டது. எடுக்கணும்னா தலைவர்கள் கூட்டத்துல வைக்கணும். அது மூணு மாசத்துக்கு ஒருக்க. அடுத்தது ஜனவரியில."

"அப்ப பதினேழுல என்ன போடறது?" என்றார் ஜேம்ஸ் மாஸ்டர்.

"ஒண்ணும் போட வேண்டாம். எண் மட்டும் இருக்கட்டும்."

"பதினெட்டைப் பதினேழாக்கிடலாமே?" என்றாள் செல்லம்மா.

அய்யாக்கண்ணு அவளை இரக்கத்தோடு பார்த்தார். "அம்மா, ஒரு ஸ்டேஷனை மூடினா அடுத்த ஸ்டேஷனைத் தூக்கிட்டு வந்து இங்க வைப்பாங்களா?"

மீதி வெள்ளிகளில் மிச்சமிருந்த எண்களையும் முப்பத்தொன்றுவரை முடித்தார்கள். தேவசகாயம் எழுதினான். ராஜினாமா செய்யலாம் என்று ஒருமுறை தோன்றியது. ராஜினாமாவை ஏற்கவும் ஜனவரிவரை காத்திருக்கவேண்டும்.

அச்சகம் வைத்திருந்த ஜெகநாதன் மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்வாசி. நெற்றியில் நாமம். எல்லா மதத்துப் பத்திரிகைகளும் அவரிடம்தான் வரும். கைப்பிரதியை வாங்கி, எழுத்துப் பெட்டிக்கு மேல் வைத்து, விரலால் எண்ணிக்கொண்டே வந்தார். பதினேழில் விரல் நின்றது.

"இங்க என்ன சார்?"

"ஒண்ணுமில்லை."

"'ஒண்ணுமில்லை'ன்னு அடிக்கவா?"

"வேண்டாம். எண் மட்டும் போடுங்க."

"நக்கோ சார், வேண்டாம். வெத்து இடம் விட்டா அச்சுப்பிழைன்னு என் தலையில கட்டுவாங்க. மொஹரம் நோட்டீஸ்ல ஒருதபா விட்டேன், இன்னும் பேசறாங்க. புள்ளியாச்சும் வைக்கிறேன்."

"வையுங்க."

ஜெகநாதன் புள்ளிகளைப் பொறுக்கி வரிசையாக அடுக்கினார். தலையைத் தூக்காமல் சொன்னார். "போன வருஷம் வீட்டம்மாவுக்குத் துக்கக் கார்டு அடிச்சமே. இந்த மாசம்தான், இல்ல?"

"ஆமாம்."

"ஹவ், ஆமா. அந்தக் கறுப்பு பார்டர் அச்சுக்கட்டை இங்கதான் இருக்கு." பிறகு வேலையைப் பார்த்தார்.

பதினெட்டாம் தேதி காலை ஒன்பதரைக்குக் கோயில் நிறைந்துவிட்டது. துரை முன்வரிசையில் மெத்தை போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவர் கையிலும் நாலு பக்கத் தாள். சபையார் அதை ரயில்வே கைடு படிப்பது போல் படித்தார்கள். தேவசகாயத்துக்குப் பீடத்தின் பக்கவாட்டில் ஒரு ஸ்டூல். ஒவ்வொரு எண் முடிந்ததும் அவன் எழுந்து அடுத்த எண்ணைச் சொல்லவேண்டும். சொன்னால்தான் நகரும். அய்யாக்கண்ணு முதல் பெஞ்சு ஓரத்தில் கடிகாரமும் பாரமுமாக உட்கார்ந்திருந்தார்.

பதினாறுவரை ஒரு குறையும் இல்லை. சக்கரவர்த்திக்கும் நிஜாமுக்கும் நடுவில் ஜனங்கள் எழுந்து உட்கார்ந்து மறந்தார்கள். நாலாவது குரல் இருப்பதாகக் கருதப்பட்டது. மாதர் சங்கம் உட்கார்ந்தபடி பாடி முடித்தது. ஜேம்ஸ் மாஸ்டர் ஆர்மோனியத்தின் துருத்தியை மூடினார்.

தேவசகாயம் எழுந்தான். "பதினேழு" என்றான். உட்கார்ந்தான்.

தாள்கள் சரசரத்தன. பதினேழுக்கு நேராகப் புள்ளிகள் இருந்தன. போதகர் ஸ்டூவர்ட்டைப் பார்த்தார். ஸ்டூவர்ட் ஜேம்ஸ் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் பலகையைப் பார்த்தார். பலகையில் ஒன்றும் இல்லை. எதைப் போட்டால் தகும் என்று ஒன்பது வாரம் பேசியவர்களுக்கு, ஒன்றும் போடாவிட்டால் அதை யார் முடித்து வைப்பது என்று பேசத் தோன்றவில்லை.

வேறு ஊர்ச் சபையாக இருந்தால் யாராவது ஒருவர் இருமிவிட்டு எழுந்து ஏதாவது ஒரு பாட்டை எடுத்துவிட்டிருப்பார். இது ரயில்வேச் சபை. லைன் கிளியர் இல்லாமல் நகருவது பாவத்தில் சேர்ந்ததா, குற்றத்தில் சேர்ந்ததா என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனால் வேலை போய்விடும் என்று தெரியும். இருநூறு பேரும் அசையாமல் இருந்தார்கள். ஒரு நிமிஷம் ஆயிற்று.

தேவசகாயம் "பதினெட்டு" என்று சொன்னால் போதும். பதினெட்டு, அறிவிப்புகள். அவனிடம்தான் இருந்தது அந்தச் சொல். எழுவதற்காக முழங்காலில் கை ஊன்றினான். ஊன்றிய கையைப் பார்த்தான். எழவில்லை.

பெண்கள் பக்கம் மூன்றாம் பெஞ்சில் ஜன்னலோரம் ஒரு ஃபிட்டரின் மனைவி குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். அதில் தப்பில்லை. இடத்தை யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. வெயில் அந்தக் குழந்தையின் காலில் விழுந்திருந்தது. சென்ற வருஷத்துக்கு முந்தின வருஷம் அதே வெயில் ஒரு கண்ணாடி வளையலில் விழும்.

அவன் மனதுக்குள் முதல் சரணத்தை ஆரம்பித்தான். அவள் மெதுவாகப் பாடுவாள். வேகமாகப் பாடினால் பிடிக்காது. அவன் ஒருமுறை குளிக்கும்போது முணுமுணுத்ததற்கு, "என்ன, வண்டியைப் பிடிக்கணுமா?" என்று கேட்டாள். எனவே மெதுவாகவே போனான். யார்டில் ஒரு இன்ஜின் ஷண்டிங் செய்யும் சத்தம் கேட்டது. இரண்டாம் சரணம். நேரமானாலும் நீர் வருவீர். யாரும் திருத்தவில்லை. பின் பெஞ்சில் ஒரு குழந்தை தெலுங்கில், "அய்ப்போயிந்தா அம்மா?" என்று கேட்டது, முடிந்துவிட்டதா என்று. அதன் வாயை ஒரு கை பொத்தியது. துரை தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டார். அதைப் பார்த்துப் போதகரும் குனிந்தார். போதகரைப் பார்த்து இருநூறு தலைகளும் குனிந்தன. செல்லம்மா மட்டும் நிமிர்ந்து இவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு லேசாக அசைந்தது. மூன்றாம் சரணம். கடைசி வரியை அவள் இரண்டுமுறை பாடுவாள். அவனும் இரண்டுமுறை பாடினான்.

எழுந்தான். "பதினெட்டு. அறிவிப்புகள்."

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் துரை போதகரின் கையைக் குலுக்கினார். கற்ற தமிழில் நிதானமாகச் சொன்னார். "பதினேழு மிகவும் விசேஷித்தது. முப்பது நிகழ்ச்சிகள் எங்கள் தேசத்தைப் போல இருந்தன. பதினேழு இந்தியாவைப் போல இருந்தது. நான் இதை லண்டனுக்கு எழுதுவேன்."

"நெடுநாள் ஜெபத்தின் பலன்" என்றார் போதகர்.

அடுத்த வெள்ளிக்கிழமை கமிட்டி கூடியது. துரையின் பாராட்டு பதிவு செய்யப்பட்டது. பதினேழு இனி வருஷந்தோறும் நடக்கவேண்டும் என்று போதகர் முன்மொழிந்தார். அதை யார் நடத்துவது என்று கேள்வி வந்தது. மௌனத்தைத் தொடங்கி வைக்க ஒருவர், முடித்து வைக்க ஒருவர் என்று தீர்மானித்தார்கள். ஜனங்கள் கலவரப்படாமல் இருக்க மௌனத்தின்போது ஆர்மோனியத்தில் மெல்ல ஒரு சுருதி பிடித்திருப்பதாக ஜேம்ஸ் மாஸ்டர் ஒப்புக்கொண்டார். மௌனத்தின் பொருள் என்ன என்று முன்கூட்டி விளக்கப் போதகருக்குப் பத்து நிமிஷம். அதற்கு 17-அ என்று எண்.

செல்லம்மா ஒன்றும் முன்மொழியவில்லை. ஒன்றையும் வழிமொழியவும் இல்லை. போகும்போது தேவசகாயத்தின் பக்கத்தில் நின்று, "மூணாஞ் சரணத்துல ரெண்டாவது வரி எனக்கு வரலை தம்பி. மறந்துபோச்சு" என்றாள். அவன் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தான்.

மற்றவர்கள் போன பிறகு அய்யாக்கண்ணு பாரத்தை அவன் முன் வைத்தார். முப்பத்தொரு வரிகளில் முப்பது சுத்தமாக இருந்தன. பதினெட்டுக்கு நேராகச் சிவப்பு மை. திட்டமிட்ட புறப்பாடு 10.41. உண்மைப் புறப்பாடு 10.46. தாமதம் ஐந்து நிமிடம். அறிவிப்புகளைச் சுருக்கியதில் பத்தொன்பது நேரத்துக்கே புறப்பட்டிருந்தது.

"துரை பாராட்டினது வேற விஷயம். லேட்டுன்னா லேட்டுதான். காரணம் எழுதுங்க தம்பி."

தேவசகாயம் பேனாவை எடுத்தான். ஆபீஸில் தினமும் எழுதுகிற காரணம் ஒன்று இருந்தது. யோசிக்காமல் எழுதினான். "கிராஸிங். எதிர்வண்டிக்காக நின்றது."

அய்யாக்கண்ணு கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். ஒற்றைத் தண்டவாளத்தில் முப்பத்துநாலு வருஷம் உட்கார்ந்திருந்தவர். இந்தக் காரணத்தை மட்டும் அவர் ஒருமுறையும் கேள்வி கேட்டதில்லை.

"சரியான காரணம்" என்றார். விரலால் வரியின் ஓரத்துக்குப் போனார். "எதிர்வண்டி கடந்த நேரம் போடலையே?"

"இன்னும் கடக்கலை ஐயா."

கடக்கவில்லை என்றால் வண்டியை எப்படி எடுத்தீர்கள் என்று அவர் கேட்டிருக்கவேண்டும். அதுதான் விதி. அவர் பாரத்தைப் பார்த்தார். கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். பின்னறையில் வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. யார்டில் ஏதோ ஒரு வண்டி சிக்னலுக்கு வெளியே நின்று கூவியது.

அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, அய்யாக்கண்ணு கீழே கையெழுத்துப் போட்டார்.